கொடையா கடனா என்று கீழ்ப்புனல் கேட்கிறது

மழை தவறாதிருக்க. செங்கோல் சாயாதிருக்க. ஏர் நடக்கும் நிலமெங்கும் நலம் நிறைந்திருக்க.

நீலவரை மலையையும் சேந்தாற்றுச் சமவெளியையும் கீழைக்கடலோரத்தையும் ஒரே குடையின் நிழலில் வைத்துக் காப்பவரும், மாற்றாரை வாளாலும் குடிகளை அருளாலும் வென்றவரும், மாடமூதூர் அரியணைக்கு உரியவருமாகிய அரசியார் நிறைமதி மாதேவியாரின் திருவடிகளுக்கு, அவர்தம் ஏவலால் கீழ்ப்புனல் கூற்றத்து உழவர்க்கு விதைக்கொடை வழங்க வந்த கொடைநாயகம், தும்பைக்குடி கிழான் நக்கன் பூதி, துறைக்கரைப் பாளையத்திலிருந்து நிலம் தோயத் தொழுது எழுதும் ஓலை.

தேவியாரின் திருமேனி நலமும் இளங்கோமகனின் நலமும் அவைப் பெரியோர் நலமும் நாளும் வேண்டுகிறேன். மழையின் நிலை, ஆற்றின் நிலை, குடிகளின் நிலை ஆகியவற்றை முறைப்படி முதலில் எழுதி, அதன்பின் விண்ணப்பத்துக்கு வருவதே வழக்கம். இம்முறை அவ்வொழுங்கைக் காக்க இயலாமைக்குப் பொறுத்தருள வேண்டும். சேந்தாற்றின் அக்கரையில் கருவூலத்துத் தண்டலாளர்கள் மாட்டுக்குச் சூடு போடும் இரும்புக் கோல்களோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து சேராதபடி ஓடங்கள் அனைத்தையும் இக்கரையில் கட்டிவைக்கச் சொன்னவன் நான். அரசின் ஊழியன் ஒருவன் அரசின் ஊழியரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறான். ஆகவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: தேவியார் கீழ்ப்புனலுக்கு அனுப்பிய விதைநெல்லும் உழவு மாடும் கொடையா, கடனா?

இக்கேள்வி எழுந்த விதத்தை இனி விளங்க உரைக்கிறேன்.

சென்ற ஆண்டுப் பெருவெள்ளம் கீழ்ப்புனலின் கரைகளை உடைத்து, குதிர்களையும் தொழுவங்களையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனது தேவியார் அறிந்ததே. வெள்ளம் வடிந்தபின் குடிகளிடம் விதைக்க நெல் இல்லை, உழ மாடும் இல்லை. அச்செய்தி அவைக்கு வந்த அன்று, ஏர்க்குடி ஒவ்வொன்றுக்கும் விதைநெல்லும் மாடிழந்த குடிக்கு உழவு மாடும் வழங்குக என்று தேவியார் ஆணையிட்டபோது நானும் அவையில் நின்றேன். ஆணையோலையில் வழங்குக என்ற சொல் இருக்கிறது. வழங்கியதைத் திரும்பக் கொள்ளலாம் என்றோ கூடாது என்றோ ஒரு சொல்லும் இல்லை. அன்று அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

ஆனால் வண்டிகள் புறப்பட்ட காலையில், கருவூலத் தலைவர் பாளூர் கிழார் கோட்டை வாயில் வரை வந்து, என் வண்டியின் நுகத்தடியில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி கூறினார்: "தாராளமாக் குடுங்க பூதியாரே. குடுத்தது எங்க போயிடப் போகுது? மூணாம் அறுவடையில நம்மகிட்டதான வரப்போகுது."

அதை வேடிக்கைப் பேச்சு என்று கொண்டு நானும் சிரித்தேன். பயணத்தின் முதல் நாள் அதை மறந்திருந்தேன். வண்டிகள் மலைச்சரிவைக் கடந்து சமவெளியில் இறங்கியபின் அச்சிரிப்பு ஏனோ திரும்பத் திரும்ப நினைவுக்கு வரலாயிற்று.

கீழ்ப்புனலை அடைந்ததும் நெல்மூட்டைகளைப் பாழடைந்த மண்டபம் ஒன்றில் அடுக்கினோம். மாடுகளை ஆற்றங்கரைப் புல்வெளியில் கட்டினோம். பறையறைந்து அரசியாரின் கொடை வந்திருக்கிறது என்று ஊர்தோறும் அறிவித்தோம். மாடுகளைப் பார்க்கக் குழந்தைகள் ஓடிவந்தார்கள். தாய்மார் பின்னாலேயே வந்து, எங்களை ஏறிட்டும் பாராமல், குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார்கள். வேறு எவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீடுகளின் முன்னால் நடந்தோம். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பசித்த ஊர் சோற்றைக் கண்டு அஞ்சியதை நான் அதுவரை கண்டதில்லை.

வந்த ஒருவர் கூற்றத்தின் பெருநிலக்காரரும் நாட்டுத்தலைவருமாகிய வயிரி அரங்கர். அவர் இளநீரும் வாழைக்குலையும் கொண்டுவந்து, பணிவோடு அமர்ந்து உரைத்ததாவது: இவ்வூரார் அறியாமை மிக்கவர்கள் என்றும், நிலம் தம்மைப் போன்றோருடையது ஆகையால் நிலத்துக்கு வந்த கொடையும் தம்மைச் சேர்ந்ததே என்றும், நெல்லையும் மாட்டையும் தம்மிடம் ஒப்படைத்தால் தாமே தக்கவர்க்குத் தக்கபடி கொடுப்பதாகவும், கொடை முற்றும் வழங்கப்பட்டது என்று அன்றே ஓலை எழுதித் தந்து என்னைத் தலைநகருக்கு அனுப்பிவைப்பதாகவும் கூறினார். ஒரு கணம் என் மனம் அதற்கு இசைந்ததை மறைக்க மாட்டேன். விதைக்கும் பருவம் நழுவிக்கொண்டிருந்தது. ஆயினும் ஏர்க்குடி ஒவ்வொன்றுக்கும் என்பது தேவியாரின் சொல்; அரங்கரின் கையில் மேழி பிடித்த தழும்பு இல்லை. இயலாது என்றேன். அவர் இளநீரைக் கூட எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் கதவு திறந்த இடம் தேடுவதை விட்டு, கழனிகளின் பக்கம் தனியே நடந்தேன். அங்கே ஒரு பெண் மேழியைப் பிடித்திருந்தாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். மாடு பூட்ட வேண்டிய இடத்தில், தோளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, ஓர் இளம்பெண் முன்னே குனிந்து இழுத்துக்கொண்டிருந்தாள். சேற்றில் ஏர் ஒரு முழம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். மேழி பிடித்தவள் பெயர் சேந்தி. இழுத்தவள் அவள் மருமகள். சேந்தியின் மகன் வடக்கெல்லைப் படையில் தேவியாரின் காவலுக்கு நிற்கிறான்.

அவள் பேச்சை அவைக்குரிய நடையில் மாற்றி எழுதினால் அது அவள் பேச்சாக இராது. கேட்டபடியே எழுதுவதைத் தேவியார் பொறுத்தருள்க.

"அம்மா, கல்லெறியும் தூரத்தில் மாடுகள் நிற்கின்றன. ஏன் வாங்க வரவில்லை?" என்றேன்.

அவள் மேழியை விடாமலே கேட்டாள்: "எதுக்கு வந்த மாடுங்க ஐயா அது?"

"அரசியாரின் கொடை."

"போன மகாராசா காலத்துலயும் கொடைன்னுதான் சொன்னாங்க." அவள் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு மாட்டுக்கு மாலயெல்லாம் போட்டுக் கூட்டியாந்தாரு. ஊரே வந்து பாத்துச்சு. மூணாம் வருசம் ஆளுங்க வந்தாங்க. மாடு அரண்மனை மாடாம். அது போட்ட கன்னும் அரண்மனைக் கன்னாம். மாடு செத்துப்போச்சுங்கன்னு சொன்னாரு. அப்ப தோலு எங்கன்னு கேக்குறாங்க. செத்த மாட்டுத் தோலை யாரு ஐயா பொத்தி வச்சிருப்பா? கடனைத் தீத்துட்டு வரட்டும்னு உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு வருசம்னாங்க. அவரு வரவேயில்ல. உப்பு மட்டும் வருது, சந்தைக்கு."

பிறகு, மாடின்றி எவ்வளவு நிலத்தை உழுதுவிட முடியும் என்று கேட்டேன்.

"கால்வாசி உழுவோம். தின்ன வச்சிருந்த நெல்லுல கொஞ்சம் வெதைப்போம். அரை வயிறு காயும். ஆனா எவனும் வந்து வாசல்ல நிக்க மாட்டான்" என்றாள். மருமகள் கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். ஏர் மறுபடி நகர்ந்தது.

அன்று தொடங்கி வேறு சில கழனிகளிலும் கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. சிலர் கன்றை இழந்தார்கள், சிலர் நிலத்தை இழந்தார்கள், சிலர் ஆளை இழந்தார்கள். தேவியாரின் தந்தையார் புகழுடம்பு எய்தியவர். அவர் அறிந்து இவை நடந்தன என்று நான் கூறவில்லை. அவருடைய முத்திரை தாங்கிய கோல்களால் நடந்தன என்று மட்டும் கூறுகிறேன்.

இதனிடையே மழை வந்தது. கீழ்ப்புனலுக்கு வேண்டிய மழைதான். ஆனால் மண்டபத்தின் கூரைக்கு வேண்டாத மழை. ஓட்டைகளில் ஓலை திணித்தோம், மூட்டைகளின்மேல் வண்டிப் பாய்களை விரித்தோம். மாலைக்குள் நீர் தரைவழியாகவே ஏறிவிட்டது. மூட்டை ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். நெல் நனைந்து சூடேறியிருந்தது. நனைந்த விதை காத்திருக்காது. ஓரிரு நாளில் முளைவிடும். முளைவிட்டது கழனிக்குப் போகவில்லையெனில் அழுகும். தேவியார் தம் குதிரைப்படைக்கு வைத்திருந்த தானியத்தைக் குறைத்து அனுப்பிய நெல், வாங்க ஆளின்றி என் கண்முன்னே கெட்டுப்போகத் தொடங்கிற்று.

அந்நிலையில் தலைநகருக்கு எழுதிக் கேட்டு விடை பெறக் காலம் இல்லை. மறுநாட்காலை மழையிலேயே வீடு வீடாகச் சென்று, வாங்க வேண்டாம், வந்து நான் சொல்வதைக் கேட்டால் போதும் என்று மன்றாடினேன். ஆற்றங்கரை மேட்டில் கூடினார்கள். பெண்கள் முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நெல் நனைந்துவிட்ட செய்தியைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நெல் வீணாவது உழவனுக்குப் பொறுக்காது. ஆயினும் எவரும் முன்வரவில்லை.

மாணி என்னும் உழவன் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான்: "நீங்க நல்லவருதான் ஐயா, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க போயிடுவீங்க. நாங்க இங்கயேதான இருக்கணும்? அப்பறமா வர்றவரு உங்களை மாதிரியா இருப்பாரு?"

அப்போது சேந்தி முன்னால் வந்து நேராகக் கேட்டாள்: "திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு ராணியம்மா பேருல சத்தியம் பண்ணுவீங்களா?"

தேவியார் முன் பொய் சொல்ல மாட்டேன். பாளூர் கிழாரின் சிரிப்பு அக்கணம் என் காதில் ஒலித்தது. தேவியாரின் மனம் கொடையே என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, ஆணை வேறு. தேவியார் கூறாத சொல்லைத் தேவியாரின் பெயரால் சத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தயங்கியதை அவர்கள் கண்டுவிட்டார்கள். சிலர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

"அரசியார் பெயரால் சத்தியம் செய்ய என்னால் முடியாது. என் பெயரால் முடியும்" என்று உரக்கக் கூறினேன். அவ்விடத்திலேயே ஓலை கொணரச் செய்து, ஒருவர் பாயைக் குடையாகப் பிடிக்க, கீழ்வருமாறு எழுதினேன்: இவ்விதைநெல்லுக்காகவும் இம்மாடுகளுக்காகவும் எவரேனும், எக்காலத்தேனும், கீழ்ப்புனல் உழவரிடம் எதையேனும் திரும்பக் கேட்பாராயின், அதை முதலில் தும்பைக்குடியிலுள்ள என் நன்செயிலிருந்தும், அது போதாதாயின் என் புன்செயிலிருந்தும், அதுவும் போதாதாயின் என் வீட்டிலிருந்தும் கொள்ளக் கடவர், அதன் பின்னரே உழவர் வாசலை மிதிக்கலாம். என் முத்திரை மோதிரத்தை அழுத்தி, அப்பிணையோலையைச் சேந்தியின் கையில் கொடுத்தேன். ஆள்வோர் குடிகளிடம் பிணை வாங்குவதுண்டு. கொடுத்ததுண்டா என்று அறியேன். என் மனைவிக்கு இச்செய்தியை இன்னும் எழுதவில்லை. தேவியாருக்கு எழுதுவது அதைவிட எளிதாயிருக்கிறது.

சேந்திக்குப் படிக்கத் தெரியாது. ஓலையை மாணியிடம் நீட்டினாள். அவன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். வீடு என்ற இடம் வந்ததும் அவன் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"வீட்டையுமா எழுதிட்டீரு?" என்றாள் சேந்தி.

"எழுதிவிட்டேன்."

"புத்தி இருக்கா ஐயா உமக்கு?" என்றாள். பிறகு ஓலையை மடியில் செருகிக்கொண்டு, முந்தானையை இறுக்கிக் கட்டி, மண்டபத்தை நோக்கி நடந்தாள். மருமகள் கூடையோடு பின்னால் ஓடினாள். மற்றவர்கள் அசையாமல் பார்த்தார்கள். அவள் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் கூட்டம் முழுவதும் நகர்ந்தது.

அன்றும் மறுநாளும் கீழ்ப்புனலில் எவரும் உட்காரவில்லை. உழ முடிந்த நிலமெல்லாம் உழுதார்கள். என் காவல்வீரர்களும் சேற்றில் இறங்கினார்கள். வெண்முளை எட்டிப்பார்த்த நெல் கூடை கூடையாகக் கழனிக்குப் போயிற்று. அரங்கரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழும் குடிகளுக்கும் அவரவர் பங்கை அவரவர் கையிலேயே கொடுத்தேன். அதைக் கண்ட அரங்கர் வரப்பில் நின்று, அரசின் பொருளை என் பொருள்போல வாரியிறைத்துக் குடிகளை எனக்கு ஆளாக்கிக்கொள்கிறேன் என்று கூவினார். அவ்வாறே தலைநகருக்கு எழுதப்போவதாகவும் கூறினார். அவர் குதிரையேறிப் போனவர் இன்னும் திரும்பவில்லை. இவ்வோலைக்கு முன்பே அவர் ஓலை தேவியாரின் திருமுன் வந்திருக்கக்கூடும். அவர் கூற்றில் மெய்யும் ஒன்றுண்டு: ஆணையில் இல்லாத ஒன்றை நான் செய்தேன். அதற்குரிய தண்டனையை ஏற்க உடன்படுகிறேன். குடிகளை எனக்கு ஆளாக்கிக்கொள்ள முயன்றேன் என்பது மட்டும் பொய்.

இப்போது கழனிகள் பசுத்திருக்கின்றன. வீடுகளின் கதவுகள் திறந்திருக்கின்றன. குழந்தைகள் மாடுகளுக்குப் பெயரிட்டுவிட்டார்கள். நான் புறப்பட வண்டி பூட்டச் சொன்ன அன்றுதான் அக்கரையில் தண்டலாளர்கள் வந்து இறங்கினார்கள்.

அவர்களின் தலைவன் எயினன் சிறு பரிசல் ஒன்றில் தனியே இக்கரைக்கு வந்து என்னைக் கண்டான். வழங்கிய மாடு ஒவ்வொன்றின் தொடையிலும் கருவூலத்தின் முத்திரையைச் சுட்டுப் பதித்து வருமாறு பாளூர் கிழார் பணித்திருப்பதாகக் கூறினான். தேவியாரின் முத்திரையுள்ள ஆணை உண்டா என்று கேட்டேன். கருவூல முத்திரை உண்டு என்றான். அது போதாது என்றேன்.

அவன் கடிந்துகொள்ளவில்லை. களைத்த முகத்தோடு கூறினான்: "பூதியாரே, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. வெறுங்கையோட போனா என் பொழப்பு போயிடும். எத்தனை நாள் என்னை நிறுத்தி வைப்பீங்க?"

"அரசியாரின் சொல் வரும் வரை."

"சூடு போடச் சொல்லி அந்தச் சொல்லு வந்தா?"

அமாவாசை வரை நாள் தருமாறு மட்டும் கேட்டேன். அதுவரை பொறுத்திருக்க அவன் ஒப்பினான். அதற்குமேல் பொறுக்க அவனால் இயலாது; ஆறும் பெருகிக்கொண்டிருக்கிறது.

என் அச்சம் என் தலையைப் பற்றியது மட்டுமன்று. அக்கரையில் தண்டலாளர் சமைக்கத் தீ மூட்டினால், கோல் காய்ச்சுகிறார்கள் என்று இக்கரையில் ஊர் நடுங்குகிறது. சிலர் மாடுகளைத் தாழங்காட்டுக்குள் ஓட்டி மறைத்துவிட்டார்கள். மாணியின் குடும்பம், முளைத்த பயிரை அப்படியே விட்டுவிட்டு, மாட்டோடு மலைப்பக்கம் போய்விட்டது. வாசலில் போட்ட கோலம் அழியாதிருக்கிறது; ஆள் இல்லை. கழனியில் நீர் பாய்ச்ச இன்று நான் என் வீரன் ஒருவனை அனுப்பினேன். இன்னும் இரு குடிகள் போனால் பத்துக் குடிகள் போகும். பத்துப் போனால் கீழ்ப்புனலே போகும். தேவியார் பசி தீர்க்க அனுப்பிய நெல்லே ஊரைக் காலியாக்கியது என்று ஆகிவிடும்.

இவ்வளவு எழுதி எழுத்தாணியை வைத்திருந்தபோது வெளியே மாட்டின் மணியோசை கேட்டது. சேந்தி தனக்குக் கொடுத்த மாட்டை ஓட்டிவந்து என் பாளையத்து முளைக்கம்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்கிறாய் அம்மா?" என்றேன்.

"உழவு முடிஞ்சுது. இனி இது எனக்கு வேணாம். அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றாள். மடியிலிருந்து என் பிணையோலையை எடுத்து நீட்டினாள். "இதையும் வச்சுக்குங்க. உங்க வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இருப்பாங்கல்ல? எங்களால ஒரு வீடு தெருவுக்கு வர வேணாம். பயிரை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

ஓலையை நான் வாங்கவில்லை. அரசியாரின் விடை வராமல் எதையும் திரும்பப் பெற மாட்டேன் என்று கூறினேன். அவள் வாதாடவில்லை. மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு, ஓலையை மறுபடி மடியில் செருகிக்கொண்டு, மாட்டை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். அது அவள் போன திசையையே பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது. அவ்வோசையின் நடுவே இவ்வோலையை முடிக்கிறேன்.

தேவியார் கடன் என்று கூறினால், அது அரசின் சொல். அதை நான் எதிர்க்க மாட்டேன். என் நிலம் தும்பைக்குடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சொல்லைக் கீழ்ப்புனலில் அறிவிக்க வேறொருவரை அனுப்புமாறு வேண்டுகிறேன். கொடை என்று கூறினால், அதை எழுத்தில், ஐயத்துக்கு இடமின்றி, அமாவாசைக்கு முன் அருள வேண்டும். இவ்வோலையைக் கொண்டுவரும் குதிரைவீரனை வழிச்சாவடிகளில் எவரும் நிறுத்தலாகாது. நிறுத்துவோர் அரசின் காரியத்தைக் கெடுத்தவராவர்.

விடை வரும்வரை ஓடங்கள் அவிழ்க்கப்படலாகாது என்பதும், சேந்தியின் மாடு வைக்கோலும் நீரும் காட்டி உடனே அவள் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டப்பட வேண்டும் என்பதும் என் அதிகாரத்தில் நான் இடும் கட்டளைகள். இரண்டாவது கட்டளையை நிறைவேற்ற நானே போகிறேன்.

இவை யாவும் மெய்யென்று என் மோதிர முத்திரை பதித்து, தேவியாரின் திருவடிகளைத் தொழுது அமைகிறேன்.

*

இவ்வோலையின் புறத்தே, வேங்கைப்பூ முத்திரையிட்டு வந்த விடை:

நீலவரை நாட்டு அரசி நிறைமதி, கொடைநாயகம் நக்கன் பூதிக்கு எழுதுவது. நும் பாளையம் நலமாகுக. கீழ்ப்புனலில் பயிர் நலமாகுக.

வயிரி அரங்கனின் ஓலை நும் ஓலைக்கு முன்பே வந்தது. அதைப் படித்து, நும்மை விலங்கிட்டுக் கொணருமாறு எழுதச் செய்தோம். அதில் முத்திரை பதியுமுன் நும் குதிரைவீரன் வாயிலுக்கு வந்தான். அவ்வாணையைக் கிழித்தோம். நீர் அறிய வேண்டும் என்பதற்காக இதை மறைக்காமல் கூறுகிறோம்.

யாம் வழங்கியது கொடை. இன்றும் கொடை, மூன்றாம் அறுவடையிலும் கொடை, மாடு ஈன்ற கன்றும் கொடை. எயினன் சூட்டுக்கோல்களை ஆற்றில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புக. அவன் பிழைப்புக்குக் குறைவு வராது. பாளூர் கிழார் இனி எம்மைக் கேளாது ஒரு கோலும் காய்ச்ச மாட்டார். மலைப்பக்கம் சென்ற குடியைத் தேடி அழைத்து வருக.

எம் தந்தையார் காலத்து மாட்டுக்கடனுக்காக உப்பளங்களில் நிறுத்தப்பட்டோரில் உயிரோடிருப்பவரை உடனே விடுவிக்க ஆள் அனுப்பினோம். இல்லாதோர் எங்கே, எவ்வாறு போயினர் என்பது அவரவர் வீட்டாருக்கு நேரில் கூறப்படும். சேந்தியின் வீட்டுக்கு முதலில் கூறப்படும். நல்ல செய்தி இராது என்று அஞ்சுகிறோம்.

நும் பிணையில் தும்பைக்குடி நிலத்துக்கும் நும் வீட்டுக்கும் ஈடாக, எமக்கு மணச்சீராக வந்த ஆற்றூர் நன்செயைப் பிணை வைக்கிறோம். அதற்கான ஓலை இதனோடு வருகிறது. அதைச் சேந்தியின் கையில் கொடுத்து, நும் ஓலையை வாங்கிக்கொள்க. நும் மனைவிக்கு இனி எழுதலாம்.

எம் ஓலையை அவள் எக்காலத்தும் திருப்பித் தர வேண்டுவதில்லை. யாம் உள்ளவரை அது அவளுக்குத் தேவைப்படாது. எமக்குப் பின் இவ்வரியணையில் இருப்பவர் எத்தன்மையர் என்று யாம் அறியோம். ஆகையால் அது கீழ்ப்புனலிலேயே இருக்கட்டும்.

ஓடங்களை அவிழ்த்து விடுக. இது எம் ஆணை.